எழுபத்திரண்டுக்கு எதிராக

அநியாயம் இழைக்கப்பட்டவள் ஜெசிந்தா. என் அறைத்தோழி. எங்கள் விடுதி வார்டன் அவளுடைய நாடியைத் தப்பாக எண்ணி, ஒன்றுமில்லை போ என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. ஏனென்றால் இந்த விஷயத்தை நான் யாரிடம் சொன்னாலும் பாதி வழியில் ஜெசிந்தாவை மறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நீங்களும் சிரிக்கலாம், ஆட்சேபணை இல்லை. இந்த பஸ் திருச்செந்தூர் போய்ச் சேர நேரம் இருக்கிறது. ஆனால் யார் பாதிக்கப்பட்டவர், யார் குற்றவாளி என்கிற வரிசை மட்டும் மாறக் கூடாது.

தெரியும், நீங்கள் கேட்டது ‘பையில ஆரஞ்சா, யாருக்கும்மா உடம்பு சரியில்ல?’ என்று மட்டும்தான். எனக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வராது. எங்கள் அப்பா சொல்வார்: “தமயந்திகிட்ட மணி கேட்டா, மணின்னா என்னன்னு திருப்பிக் கேப்பா.” பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சுப்போட்டிக்காரி. இப்போது புள்ளியியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. வாய்க்கு வாய், கணக்குக்குக் கணக்கு. என்னோடு ஒரே அறையில் இருப்பவள் எப்படிப்பட்ட பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வார்டன். மங்களேஸ்வரி மேடம், வணிகவியல் துறை. மருத்துவத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே உறவு, அவர் கல்லூரியில் படித்தபோது போய்வந்த ஒரு முதலுதவி முகாம். அங்கே நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்களாம். அன்றிலிருந்து பிடித்த கையை அவர் விடவில்லை. உடம்பு சரியில்லை என்று யார் போனாலும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டுவார். நாம் நம் கையைக் கொடுக்க வேண்டும். மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். உதடு மெல்ல அசையும். அரை நிமிடம். அதை இரண்டால் பெருக்குவார்.

“எழுபத்திரண்டு. ஒண்ணுமில்ல. ரசஞ்சோறு சாப்பிட்டுப் படு.”

அக்கா, விடுதியில் முந்நூறு பேர் இருக்கிறோம். முந்நூறு பேருக்கும் எழுபத்திரண்டு. மாடிப்படியில் ஓடி வந்தவளுக்கும் எழுபத்திரண்டு, காய்ச்சலில் கண் சிவந்தவளுக்கும் எழுபத்திரண்டு. எப்போதாவது மனம் இரங்கி எழுபத்திநாலு கொடுப்பார். சீனியர் அக்காக்கள் இதைக் ‘கைராசி’ என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். மேடம் கைபட்டாலே நாடி அடங்கிவிடுமாம். எம்.ஃபில். முடித்தவர்கள் சொன்னது இது.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் வேலை நாளில் வெளியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மேடம் அனுமதி தர வேண்டும். எழுபத்திரண்டு உள்ளவளுக்கு எதற்கு அனுமதி? ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரையும் கேட்காமல் போகலாம்.

இப்போது ஜெசிந்தா. மணப்பாட்டுக்காரி, திருச்செந்தூர் தாண்டிக் கடற்கரை ஊர். என்னிடம் பேசுவதைவிட ஜன்னலிடம் அதிகம் பேசுவாள், ஏனென்றால் ஜன்னல் குறுக்கே பேசாது. அந்த மாதம் அவளுக்கு என்னவோ ஆனது. இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள், ஆனாலும் சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்த்தாள். டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கி டீ அலை அடிக்கும். ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏட்டி, நெஞ்சுக்குள்ள எவனோ மோட்டார் ஓட்டுத மாதிரி இருக்கு.”

வார்டனிடம் போனாள். கையை நீட்டினாள். எழுபத்திரண்டு. “பரீட்சைப் பயம், வேற ஒண்ணுமில்ல. கடிகாரம் மாதிரி ஓடுது உனக்கு.” ரசஞ்சோறு.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அறையில் அவளை உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து, நானே எண்ணினேன். அரை நிமிடம் இல்லை அக்கா, முழு நிமிடம். ஏனென்றால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும்போது பிழையும் இரண்டால் பெருகும். இது என் துறை. நூற்றிப்பன்னிரண்டு வந்தது. அப்படியே மாடியிறங்கிப் போனேன்.

“மேடம், ஜெசிந்தாவுக்கு நூத்திப்பன்னெண்டு.”

“யார் பாத்தா?”

“நான்.”

“நீ டாக்டரா?”

“நீங்க டாக்டரா மேடம்?”

அந்தக் கேள்வி அழகான கேள்விதான். அனுமதியை வாங்கிய பிறகு கேட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரும் டாக்டர் இல்ல. அப்ப மூத்தவ சொன்னதுதான் நிக்கும். போ.”

அறைக்கு வந்து நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“விடுட்டி. ஞாயித்துக்கெழம நீயும் கூட வா. நாமளே போய்க் காட்டிட்டு வந்துருவோம். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை போனா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

“யாரு ஜெயிச்சா என்னட்டி?”

“இது உன் ஒருத்தியோட பிரச்சினை இல்ல ஜெசி. இது முந்நூறு பேரோட பிரச்சினை. கொள்கை!”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் துறையில் ஆய்வுத் தலைப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொடுத்தேன்: ‘மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் நாடித்துடிப்பை எண்ணுவதில் ஏற்படும் பிழை’. உடனே ஒப்புதல் வந்துவிட்டது. இப்போது பாருங்கள், கோபத்துக்குக் கோபமும் ஆயிற்று, மதிப்பெண்ணுக்கு மதிப்பெண்ணும் ஆயிற்று. ஒருத்தியை இன்னொருத்தியின் நாடியை எண்ணச் சொல்வேன். பிறகு நான் எண்ணுவேன். என் எண்ணுக்கும் அவள் எண்ணுக்கும் என்ன வித்தியாசமோ, அது அவளுடைய பிழை.

எங்கே தப்பு என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் சொல்லாதீர்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. என் எண்தான் சரியான எண் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இல்லை என்றும் எந்தப் புத்தகத்திலும் இல்லையே.

முடிவுகள் பயங்கரமாக இருந்தன. எங்கள் மாடியில் நூற்றுக்குக் கீழே ஒருத்திகூட இல்லை. நூற்றிநாலு, நூற்றிப்பத்து, நூற்றியாறு. மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், அவளுக்கும் நூற்றியெட்டு. புள்ளியியல் படித்தவள் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். நானோ கோரிக்கை மனு எழுத உட்கார்ந்தேன். ‘விடுதி நிர்வாகத்தின் அடக்குமுறையால் மாணவியர் உறக்கத்திலும் பதற்றத்துடன் வாழ்கின்றனர்’ என்பது அதன் முதல் வாக்கியம். எழுதும்போது என் கண் கலங்கியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மனுவோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மேடை வேண்டுமே. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக் கூடத்தில் நேரடிச் சோதனை என்று அறிவித்தேன். மேடத்தையும் அழைத்தேன். ‘வர்றேன், எனக்கும் பொழுது போகணுமில்ல’ என்றார்.

அன்று காலை ஜெசிந்தா தலை வாரி, நல்ல சுடிதார் போட்டு, கையில் பர்ஸோடு நின்றாள். “ஏட்டி, டாக்டரு மத்தியானம் வரைதான் இருப்பாராம். போயிட்டு வந்து கூட்டத்தப் போடேன்.”

“கூட்டத்த முடிச்சிட்டு உடனே போறோம். உனக்காகத்தானே நடத்துறேன்!”

அவள் பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கூட்டம் நன்றாகத்தான் சேர்ந்தது. இட்லி தீர்ந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. முதலாம் ஆண்டு இயற்பியல் படிக்கிற முபீனாவிடம் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது, விரலில் மாட்டினால் துடிப்பைக் காட்டுகிற கிளிப். நான்தான் கொண்டுவரச் சொன்னேன். ‘கருவி பொய் சொல்லாது தோழிகளே’ என்று நான்தான் சொன்னேன். இதெல்லாம் யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் செய்ததில்லை.

யார் கையை வைத்துச் சோதிப்பது? கடைசி பெஞ்சிலிருந்து ஜெசிந்தா எழுந்து வந்தாள். விரலை நீட்டினாள். “எனக்கு மாட்டிப் பாரு.”

“நீ வேண்டாம் ஜெசி. நீ பாதிக்கப்பட்ட தரப்பு. நடுநிலை போயிடும்.”

ஆராய்ச்சி முறைப்படி அது சரி. இன்றைக்கும் அது சரி என்று என்னால் வாதாட முடியும். அவள் ஒரு நிமிடம் விரலை நீட்டியபடியே நின்றாள். அப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நடுநிலைக்கு நான் தேர்ந்தெடுத்தது சமையல்கார பேச்சியம்மாள் அக்காவை. காலை வேலை முடிந்து தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். மேடம் வந்து அவர் கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“எழுபத்திரண்டு.”

கூடமே கைதட்டியது. நான் புன்னகையோடு அடுத்துப் பிடித்தேன். முழு நிமிடம். கூட்டம் பார்க்கிறது, மேடம் பார்க்கிறார், என் வாழ்க்கையின் மிக முக்கியமான வாதம். எண்ணி முடித்து நிமிர்ந்தேன்.

“நூற்றிப்பதினாறு!”

பேச்சியம்மாள் அக்கா கண்ணைத் திறந்தார். “என்ன தாயி, என் கைய வச்சு ஏலம் விடுதீகளா?”

முபீனா கிளிப்பை அவர் விரலில் மாட்டினாள். எழுபது.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. தட்டு கழுவுகிற இடத்திலிருந்தெல்லாம் சிரிப்பு வந்தது. நான் விடவில்லை. இன்னொரு கையைக் கொடு என்றேன். ஒருத்தி கொடுத்தாள். நூற்றிப்பதினெட்டு. கிளிப்பில் எண்பத்தொன்று. இன்னொருத்தி. எனக்கு நூற்றியிருபது. கிளிப்பில் எழுபத்தாறு. நான் எண்ண எண்ண ஏறிக்கொண்டே போனது.

முபீனா என் பக்கத்தில் வந்து, பாவம் மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் கூடம் அமைதியாக இருந்த நேரம் அது. “அக்கா, நீங்க கட்டைவிரல வச்சுப் பிடிக்கிறீங்களே. கட்டைவிரல்ல நம்ம நாடியே துடிக்கும்ல? மத்த விரலாலதான் பாக்கணும்னு எங்க ஸ்கூல்ல சொன்னாங்க.”

சொல்லிவிட்டு என் விரலில் கிளிப்பை மாட்டினாள்.

நூற்றியிருபத்தொன்று.

அதாவது அக்கா, மூன்று வாரமாக நான் முழு மாடியையும் பிடித்துப் பிடித்து எண்ணியது என்னுடைய கோபத்தை. தூங்குகிறவள் கையில் தெரிந்த பதற்றம் நான் சுமந்துகொண்டு போன பதற்றம். ‘உறக்கத்திலும் பதற்றத்துடன்’ என்று கண் கலங்கி எழுதினேனே, அந்த மாணவியர் மொத்தமும் நான் ஒருத்திதான்.

ஆனால் எனக்கு மூளை உடனே வேலை செய்தது. நான் கட்டைவிரல் என்றால் மேடமும் கட்டைவிரல்தானே! கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு போய் மேடம் விரலில் மாட்டினேன். எழுபத்திரண்டு! பார்த்தீர்களா, முந்நூறு பேருக்கும் எழுபத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று! இத்தனை வருடமாக அவர் எண்ணியது தன்னைத்தான். ஊரே நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தார், அவர் நிம்மதியாக இருந்தார். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினேன்: “இதுதான் என் ஆய்வு முடிவு! பயிற்சி இல்லாத ஆளால நாடி எண்ண முடியாது! அதுக்கு நானே அத்தாட்சி!”

தன் வாதத்துக்குத் தன்னையே அத்தாட்சியாக வைத்து ஜெயித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. “அப்ப ஜெசிந்தாவோட நூத்திப்பன்னெண்டும் உன்னோடதுதானா?” என்று யாரோ கேட்டார்கள். “பாவம், அந்தப் புள்ளைய நோயே இல்லாம நோயாளி ஆக்கிட்டா” என்றாள் இன்னொருத்தி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இறங்கி அவளோடு மல்லுக்கு நின்றேன். பிழை இருக்கிறது என்பதற்காக எண் பொய்யாகிவிடாது, தப்பான வழியில் போனவனும் சரியான ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று கை கழுவுகிற தொட்டிப் பக்கம் வைத்து அரை மணி நேரம் விளக்கினேன்.

விளக்கி முடித்துத் திரும்பினால் கடைசி பெஞ்ச் காலி. மேடத்தையும் காணவில்லை.

பேச்சியம்மாள் அக்காதான் சொன்னார். “நீ அங்க சண்ட போட்டுக்கிட்டு இருந்தியா, வார்டனம்மா விரல்ல இருந்து அந்தக் கிளிப்பக் கழட்டுனாக. கழட்டிக் கையில வச்சு ஒரு மாதிரி பாத்துக்கிட்டே நின்னாக. அப்புறம் நேரா அந்தப் பிள்ளகிட்ட போயி மாட்டுனாக. நூத்தி முப்பத்திரண்டோ என்னவோ. மொகமே செத்துப்போச்சு அவுகளுக்கு. ஆட்டோ பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. செருப்பக்கூட மாத்திப் போட்டுக்கிட்டுப் போறாக.”

தைராய்டு அக்கா. அளவுக்கு மேல் சுரந்து, நெஞ்சை ஓட ஓட விரட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயத்துக்கே ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட்டாராம். ‘இவ்ளோ நாள் என்ன செஞ்சீங்க?’ என்று மேடத்தைக் கேட்டாராம். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவோடு அவர்தான் இருந்தார். மறுநாள் அவள் அம்மா வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். இப்போது மாத்திரையில் இருக்கிறாள்.

சரி. ஜெசிந்தாவுக்கு நாடி வேகமாக இருக்கிறது என்று இந்த உலகத்தில் முதலில் சொன்னது யார்? நான். எப்படிச் சொன்னேன் என்பது வேறு கேள்வி. ஆனால் சொன்னது நான். இதை யாராவது ஒருத்தர் ஒத்துக்கொள்ள வேண்டுமா வேண்டாமா?

மேடத்திடம் போனேன். அவர் மேசையில் இப்போது ஒரு புதுக் கிளிப் இருக்கிறது, கையை நீட்டுவதில்லை. என்னென்ன கேட்க வேண்டும், அவர் என்ன சொன்னால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். “மேடம், நீங்க எண்ணினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணும்.”

“தப்புதாம்மா” என்றார். அவ்வளவுதான். “அந்தப் பிள்ள கையப் பிடிச்சுப் பாத்தும் தெரியாமப் போச்சே” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வாதாடப் போனவளிடம் முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டால் அவள் மீதி வரிகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? அதோடு, நன்றாகக் கவனியுங்கள் அக்கா, தன்னுடைய தப்பைத்தான் ஒத்துக்கொண்டார். என்னுடைய சரியை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வேறு.

இனி பாக்கி ஜெசிந்தா. அவளாவது சொல்லலாமே. அவள் ஊருக்குப் போன நாளிலிருந்து போனில் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா கூப்பிடுகிறாள் என்பாள், மாத்திரை போடணும் என்பாள், சிக்னல் இல்லை என்பாள். நேற்று சாயங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டேன். “ஜெசி, வேற எதுவும் வேண்டாம், ஒரே கேள்வி. நான் சொன்ன நூத்திப்பன்னெண்டு சரிதானே? ஆமாவா இல்லையா?”

அந்தப் பக்கம் கடல் இரைச்சல் கேட்டது. அப்புறம் ஒரு பதில் சொன்னாள். கேட்ட கேள்வி என்ன, வந்த பதில் என்ன, இது பதிலில் சேர்த்தியா என்று நீங்களே சொல்லுங்கள். நான் ராத்திரி பூராவும் யோசித்துவிட்டேன், காலையில் எழுந்து ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

“சரிதாம்ட்டி, நீ சொன்னது சரிதான், போதுமா? ஆனா அது உன்னோட நாடிதான. எனக்கு இப்ப எப்பிடி இருக்குன்னு நீ இன்னும் கேக்கவே இல்லியேட்டி.”